பிரபலங்கள் மறைத்த குற்றங்கள் டிவி நாடகமாகும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிஜ வாழ்க்கைப் பிரபலம் ஒருவர் ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்திருந்த குற்றங்களை நாடகத் தொடராக எடுப்பது பிரிட்டனில் இப்போது தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. இந்தப் பக்கம் பெரும்பாலும் ஒரு தொடரை வைத்தே பேசுகிறது: ஜிம்மி சாவில் பற்றி பிபிசி 2023 அக்டோபரில் நான்கு எபிசோடுகளாக ஒளிபரப்பிய ‘தி ரெக்கனிங்’. சட்டம், திரைக்கதை, நடிப்பு, பாதிக்கப்பட்டவர்களின் சம்மதம் என இந்த வகையில் வரக்கூடிய எல்லாச் சிக்கல்களும் அந்த ஒரே தொடரில் வந்துவிட்டன. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள் பற்றிய பேச்சு கீழே உண்டு. விவரிப்பு இல்லை.

ஜிம்மி சாவில் யார்? என்ன செய்தார்?

1926-ல் லீட்ஸ் நகரில் பிறந்தவர். டிஸ்க் ஜாக்கியாகத் தொடங்கி பிரிட்டனில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார். பிபிசியின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ பாட்டு நிகழ்ச்சியின் முதல் எபிசோடை, 1964 ஜனவரி 1 அன்று, வழங்கியவர் இவர்தான். 1975 முதல் 1994 வரை நடத்திய ‘ஜிம் வில் ஃபிக்ஸ் இட்’ நிகழ்ச்சியில், குழந்தைகள் தங்கள் ஆசையைக் கடிதத்தில் எழுதி அனுப்பினால் அதை நிறைவேற்றி வைப்பார். லீட்ஸ் பொது மருத்துவமனையில் சம்பளம் வாங்காத போர்ட்டர் வேலை. ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையின் முதுகுத்தண்டுப் பிரிவுக்கு லட்சக்கணக்கில் நிதி திரட்டிக் கொடுத்தார். பிராட்மூர் மனநலச் சிறை மருத்துவமனையில் சாவி வைத்துக்கொண்டு நடமாடினார். 1990-ல் ‘சர்’ பட்டம். 2011 அக்டோபர் 29 அன்று 84 வயதில் இறந்தபோது ஊரே திரண்டு வழியனுப்பியது.

ஓராண்டுக்குள் எல்லாம் தலைகீழானது. 2012 அக்டோபர் 3 அன்று ஐடிவி ஒளிபரப்பிய ஓர் ஆவணப்படத்தில் பாதிக்கப்பட்ட பெண்கள் பேசினார்கள். லண்டன் காவல்துறை ‘ஆபரேஷன் யூட்ரீ’ என்ற விசாரணையைத் தொடங்கியது. 2013 ஜனவரியில் வந்த கூட்டறிக்கையின்படி சுமார் 450 பேர் தகவல் தர முன்வந்தார்கள். 28 காவல் எல்லைகளில் 214 குற்றங்கள் முறையாகப் பதிவாயின. லீட்ஸ் மருத்துவமனை விசாரணையில் மட்டும் 60 பேர் சாட்சியம் தந்தார்கள். பாதிக்கப்பட்டபோது அவர்களின் வயது 5 முதல் 75 வரை. பிபிசி பணிகளோடு தொடர்புடையவர்கள் 72 பேர் என்றது, முன்னாள் நீதிபதி டேம் ஜேனட் ஸ்மித் விசாரித்து 2016 பிப்ரவரியில் தந்த அறிக்கை.

உயிரோடு இருந்தவரை ஒரு வழக்குகூட நீதிமன்றப் படி ஏறவில்லை.

இந்த வகையில் வேறு என்னென்ன நாடகங்கள் உண்டு?

மூன்று விதமாகப் பிரிக்கலாம். பெயரைச் சொல்லியே எடுப்பது முதல் விதம். ‘தி ரெக்கனிங்’ அதில் சேரும். பெயரை மாற்றிக் கற்பனைப் பாத்திரமாக எடுப்பது இரண்டாவது. சேனல் 4 2016-ல் ஒளிபரப்பிய ‘நேஷனல் ட்ரெஷர்’ இதற்குச் சரியான உதாரணம். அதில் ராபி கோல்ட்ரேன் நடித்த பழைய காமெடியன் பாத்திரம் யாருடைய நகலும் அல்ல. யூட்ரீ விசாரணையில் வேறு பிரபலங்களும் கைதான காலத்தில் ஒரு குடும்பத்துக்குள் சந்தேகம் எப்படிப் புகுகிறது என்பதுதான் கதை. மூன்றாவது, நீதிமன்றத்தில் வெட்டவெளிச்சமான வழக்கை எடுப்பது: அமெரிக்காவின் எஃப்எக்ஸ் 2016-ல் தந்த, முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் மீதான கொலை வழக்கைப் பற்றிய பத்து எபிசோட் தொடர். அங்கே குற்றம் மறைந்திருந்தது என்பதைவிட, உலகமே பார்த்துக்கொண்டிருந்த விசாரணையில் என்ன நடந்தது என்பதே பொருள்.

கலையாகப் பார்த்தால் இரண்டாம் வகைதான் நன்றாக வருகிறது. ‘இவர் செய்தாரா இல்லையா’ என்று பார்ப்பவரையே தவிக்க விடலாம். பெயர் சொன்ன நாடகத்தில் முடிவு முன்பே தெரியும். எழுத்தாளர் ‘எப்படித் தப்பித்தார்’ என்பதை மட்டும் வைத்து நான்கு மணி நேரத்தை இழுத்துப்பிடிக்க வேண்டும்.

ஏன் எப்போதும் ஆள் செத்த பிறகே எடுக்கிறார்கள்?

இங்கிலாந்துச் சட்டத்தில் இறந்தவரை அவதூறு செய்ய முடியாது. மானநஷ்ட வழக்குப் போடும் உரிமை ஆளோடு போய்விடுகிறது. பிள்ளைகளோ அண்ணன் மகன்களோ அவர் சார்பில் வழக்குப் போட முடியாது. சாவில் உயிரோடு இருந்திருந்தால் கதை வேறு. வக்கீல் நோட்டீஸ் அனுப்பியே பத்திரிகைகளை அடக்கி வைத்தவர் அவர். 2009 அக்டோபரில் சர்ரே காவல்துறையினர் அவரை விசாரித்ததே ஸ்டோக் மாண்டவில்லில் அவருக்கென்று இருந்த அறையில்தான். அந்த விசாரணையிலேயே, தன் மேல் கை வைப்பவர்களை நீதிமன்றத்துக்கு இழுப்பேன் என்ற தோரணையில் பேசியிருக்கிறார். எழுத்துவடிவம் பிறகு வெளியானது. இப்படிப்பட்ட நாடகம் எழுத வருபவர்கள் முதலில் படிக்க வேண்டிய ஆவணம் அது. கேள்வி கேட்க வந்தவர்களை அவர் எப்படி வழிநடத்துகிறார் என்பது வரிக்கு வரி தெரியும்.

ஆனால் ‘செத்துவிட்டார், இனி எதையும் எழுதலாம்’ என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். அவரைச் சுற்றி இருந்த தயாரிப்பாளர், மருத்துவமனை நிர்வாகி, காவலர், நண்பர் பலர் உயிரோடு இருக்கிறார்கள். ‘தெரிந்தும் பேசாமல் இருந்தார்’ என்று ஒரு காட்சி சொன்னால் அது அவர்கள் மீதான குற்றச்சாட்டு. இத்தகைய தொடர்களில் வக்கீல்கள் அதிக நேரம் செலவிடுவது இந்த இரண்டாம் வரிசைப் பாத்திரங்கள் மீதுதான்.

அப்படியென்றால் உயிரோடு இருப்பவரைப் பற்றி எடுக்கவே முடியாதா?

முடியும், ஆனால் எதைக் காட்டலாம் என்பது சுருங்கிவிடும். இங்கிலாந்தின் 2013 அவதூறுச் சட்டப்படி, கடுமையான பாதிப்பு ஏற்பட்டது அல்லது ஏற்படக்கூடும் என்று வழக்குப் போடுபவர் காட்ட வேண்டும். அதன்பின் ‘சொன்னது உண்மை’ என்றோ ‘பொதுநலனுக்காகப் பொறுப்போடு வெளியிட்டோம்’ என்றோ நிறுவ வேண்டிய சுமை வெளியிட்டவர் தலையில். தண்டனைத் தீர்ப்பு கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் நாடகக் காட்சியை வைத்து உண்மையை நிரூபிப்பது பெரும்பாடு.

பிரிட்டிஷ் மன்னரின் தம்பி ஆண்ட்ரூ (2025 வரை இளவரசர்) விஷயத்தைப் பாருங்கள். 2024-ல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு படமும் அமேசான் ஒரு குறுந்தொடரும் வெளியிட்டன. இரண்டும் மையமாக வைத்தது 2019 நவம்பரில் அவர் பிபிசியின் ‘நியூஸ்நைட்’ செய்தி நிகழ்ச்சிக்குத் தந்த பேட்டியை. பேட்டி எல்லோரும் பார்த்தது, பதிவாக இருப்பது. அவர் மறுத்துவரும் பாலியல் குற்றச்சாட்டுகளை யாரும் காட்சியாக நடித்துக் காட்டவில்லை. தற்செயலாக நடந்த தேர்வு அல்ல அது.

விசாரணை மட்டும் நடந்து, குற்றச்சாட்டே பதிவாகாதவர் என்றால் இன்னும் ஆபத்து. பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் வீட்டில் 2014-ல் நடந்த சோதனையை பிபிசி ஹெலிகாப்டரிலிருந்து படம்பிடித்துக் காட்டியது. அவர் கைது செய்யப்படவே இல்லை. 2018-ல் நீதிமன்றம் அவருக்கு 2,10,000 பவுண்ட் இழப்பீடு வழங்கியது. குற்றச்சாட்டு பதிவாகும் முன் விசாரணையில் இருப்பவருக்கு அந்தரங்க உரிமை பொதுவாக உண்டு என்று 2022-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது ஒளிபரப்பினால் நீதிமன்ற அவமதிப்பு வேறு.

அமெரிக்காவில் கை கொஞ்சம் நீளம். பொதுவாழ்வில் இருப்பவர் அவதூறு வழக்கில் ஜெயிக்க வேண்டுமானால், பொய் என்று தெரிந்தோ, உண்மையா பொய்யா என்று கவலைப்படாமலோ வெளியிட்டார்கள் என்று காட்ட வேண்டும். 1960-களிலிருந்து அதுதான் நிலை.

குடும்பத்திடம் ‘வாழ்க்கைக் கதை உரிமை’ வாங்க வேண்டாமா?

இங்கிலாந்தில் தேவையில்லை. நடந்த சம்பவத்துக்குச் சொந்தக்காரர் கிடையாது. ஒரு புத்தகத்திலிருந்து அதன் அமைப்பையும் வசனங்களையும் எடுத்தால் மட்டும் புத்தக உரிமை வாங்க வேண்டும். ‘தி ரெக்கனிங்’ குழுவுக்கு, சாவிலைப் பல முறை நேரில் பேட்டி கண்டு அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பத்திரிகையாளர் டான் டேவிஸ் ஆலோசகராக இருந்தார். அவரே ஒரு பாத்திரமாகவும் தொடரில் வருகிறார். சாவிலின் சொத்து, சுமார் 40 லட்சம் பவுண்ட், 2012-லேயே முடக்கப்பட்டு, பின்னர் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்துக்குப் போனது.

திரைக்கதையில் ‘உண்மை’ எப்படிச் சரிபார்க்கப்படுகிறது?

வெளியில் யாருக்கும் தெரியாத வேலை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

நடிகர்கள் கைக்குப் போகும் ஸ்கிரிப்ட் ஒன்று. வக்கீல் மேசைக்குப் போகும் ஸ்கிரிப்ட் வேறு. இரண்டாவதில் ஒவ்வொரு காட்சிக்கும், சில இடங்களில் ஒவ்வொரு வசனத்துக்கும், பக்க ஓரத்தில் ஆதாரக் குறிப்பு இருக்கும். நடந்தது நடந்தபடியே, நடந்ததைச் சுருக்கியது, ஊகம், முழுக் கற்பனை என்று நிறம் பிரித்துக் குறிப்பது வழக்கம்.

ஓர் உதாரணம். மருத்துவமனை வார்டு, மாலை. நர்ஸ் ஒருவர் சிறுமியின் கட்டிலருகே குனிந்து, “அவர் வரும்போது தூங்குற மாதிரி இரு” என்கிறார். பார்ப்பவருக்கு இது எழுத்தாளரின் சாமர்த்தியம் என்று தோன்றும். உண்மையில் நர்ஸ்கள் இப்படிச் சொன்னதாக, சிறுவயதில் ஸ்டோக் மாண்டவில்லில் படுத்திருந்த ஒருவர் 2012-ல் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு காட்சி எழுதினால் பக்க ஓரத்தில் வர வேண்டியவை: யார் சொன்னது, எந்தத் தேதியில், எந்த ஊடகத்தில், மருத்துவமனை விசாரணை அறிக்கையில் எந்தப் பத்தி இதற்கு ஒத்துப்போகிறது. நர்ஸுக்குப் பெயர் வைத்திருந்தால், அந்த ஆண்டில் அந்த வார்டில் அதே பெயரில் நிஜ நர்ஸ் யாரும் வேலை பார்த்தாரா என்றும் தேட வேண்டும். இருந்தால் பெயரை மாற்ற வேண்டும். கற்பனை நர்ஸ் மேல் வைத்த பழி, பெயர் ஒத்துப்போன ஒரே காரணத்தால் யாரோ ஒருவர் தலையில் விழும்.

தனிமையில் நடந்த உரையாடல்தான் எப்போதும் உதைக்கும். சாவிலும் அவர் தாயும் வீட்டுக்குள் பேசியதற்குச் சாட்சி யார்? அங்கே வக்கீல் கேட்பது ‘இது நடந்ததா’ என்று அல்ல. ‘இந்த வசனம் யார் மீதாவது புதிய குற்றம் சுமத்துகிறதா’ என்று. சுமத்தாவிட்டால் ஊகத்துக்கு இடம் கிடைக்கும். சுமத்தினால் வசனம் போகும்.

இந்தக் குறிப்புகள் இல்லாமல் ‘எர்ரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ்’ காப்பீடு, அதாவது அவதூறு போன்ற வழக்குகளின் செலவை ஏற்கும் காப்பீடு, கிடைப்பது கடினம். அந்தக் காப்பீடு இல்லாத தொடரை வாங்கப் பெரிய சேனல்கள் தயங்கும். கடைசி நேரத்தில் வரும் பெரும்பாலான தகராறுகளுக்கு ஒரே காரணம்தான்: ஷூட்டிங்கில் நடிகர் வசனத்தை மாற்றிப் பேசியிருப்பார், எடிட்டிங்கில் காட்சி வரிசை மாறியிருக்கும், குறிப்பு மட்டும் பழைய ஸ்கிரிப்டுக்கே இருக்கும். இரண்டு காட்சிகளை இடம் மாற்றினாலே ‘புகார் வந்த பிறகும் சும்மா இருந்தார்’ என்று பொருள் வந்துவிடலாம். அதனால் இறுதி எடிட்டையும் வக்கீல் திரையில் உட்கார்ந்து பார்ப்பார்.

பாதிக்கப்பட்டவர்களிடம் சம்மதம் வாங்குவது கட்டாயமா?

அடையாளம் தெரியும்படி காட்டினால் கட்டாயம். இங்கிலாந்தில் பாலியல் குற்றத்துக்கு ஆளானவர் என்று சொல்லப்படுபவருக்கு ஆயுள் முழுவதும் பெயர் மறைப்பு உரிமை உண்டு. 1992 சட்டம் அதைத் தருகிறது. குற்றவாளி செத்தாலும், வழக்கே நடக்காவிட்டாலும் அந்த உரிமை அப்படியே நிற்கும். 16 வயது நிறைந்தவர் எழுத்து மூலம் சம்மதித்தால் மட்டும் பெயர் சொல்லலாம்; நச்சரித்து வாங்கிய சம்மதம் செல்லாது. மீறுவது கிரிமினல் குற்றம்.

சாவிலின் மானம் அவரோடு செத்தது, அவர் பாதித்தவர்களின் உரிமை சாகவில்லை. இந்த வகை நாடகத்தின் சட்ட அமைப்பே இதில்தான் நிற்கிறது.

பெயரை மாற்றிவிட்டால் போதும் என்பது அரைகுறைப் பாதுகாப்பு. பள்ளிச் சீருடையின் நிறம், ஆண்டு, ஊர், என்ன நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தாள், எத்தனை அக்கா தங்கை என்று துண்டு துண்டாக வரும் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தால் தெருவில் உள்ளவர்களுக்கு ஆள் யாரென்று புரிந்துவிடும். ஆகவே நோயை மாற்றுவார்கள், ஊரை மாற்றுவார்கள், இருவர் அனுபவத்தை ஒருவர் மேல் வைப்பார்கள்.

‘தி ரெக்கனிங்’ வேறு வழியும் எடுத்தது. உயிரோடு இருக்கும் நான்கு பேர், தங்கள் விருப்பத்தின் பேரில், நடிகர்கள் அல்லாமல் தாங்களாகவே திரையில் தோன்றிப் பேசுகிறார்கள். தொடரில் மிகவும் வலுவான பகுதி எது என்று கேட்டால் அதுதான். சாவிலின் வேடத்துக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும், அவர்கள் பேசும்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவோம்.

இன்னொன்று. ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதிகள், கடந்தகாலக் கொடுமையை எடுக்கும்போது பாதிக்கப்பட்டவர்களுக்கோ நெருங்கிய குடும்பத்துக்கோ, நடைமுறையில் முடிந்தவரை, திட்டத்தையும் ஒளிபரப்பையும் முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கின்றன. விஷயம் ஏற்கெனவே ஊருக்கே தெரிந்ததாக இருந்தாலும். ஒளிபரப்புத் தேதி மட்டும் அல்ல, டிரெய்லர் தேதியையும் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கருத்து. பஸ் ஸ்டாப் விளம்பரப் பலகையில் திடீரென்று அந்த முகத்தைப் பார்ப்பவரை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

குற்றத்தை எவ்வளவு காட்ட வேண்டும்?

குறைவாக. ‘தி ரெக்கனிங்’ வன்கொடுமையை நேராகக் காட்டாமல், கதவு மூடுவது, அதற்குப் பிறகு குழந்தையின் முகம், அறைக்கு வெளியே நிற்பவர் தலையைத் திருப்பிக்கொள்வது என்று சுற்றுப்புறத்தைக் காட்டியது. வெளியே நிற்பவர்தான் இந்த வகை நாடகத்தின் உண்மையான பொருள். 1963-லேயே செஷயரில் ஒருவர் காவலரிடம் சொல்லியிருக்கிறார். மறந்துவிடு என்று அனுப்பிவிட்டார்கள். 2009-ல் சர்ரேயில் பேசிய பெண்களிடம், உங்களைப்போல வேறு சிலரும் சொல்லியிருக்கிறார்கள் என்று யாரும் தெரிவிக்கவில்லை. தனித்தனியாக நின்றதால் வழக்குக்கு ஒத்துழைக்கத் தயங்கினார்கள். வேறு மாதிரி அணுகியிருந்தால் மூவர் விஷயத்தில் வழக்குத் தொடர்ந்திருக்க முடியும் என்று 2013-ல் அரசுத் தரப்பின் ஆய்வே ஒப்புக்கொண்டது.

குழந்தை நடிகர்களை வைத்து இதையெல்லாம் எப்படிப் படம் பிடிக்கிறார்கள்?

இங்கிலாந்தில் பள்ளி வயதுக் குழந்தை நடிக்க உள்ளூராட்சியின் உரிமம் வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு. பெற்றோரோ ஆசிரியரோ உடன் இல்லாவிட்டால் அங்கீகரிக்கப்பட்ட துணையாளர் ஒருவர் இருந்தாக வேண்டும். அவர் ஒரே நேரத்தில் 12 குழந்தைகளுக்கு மேல் பார்த்துக்கொள்ளக் கூடாது. 9 வயது நிறைந்தவர்கள் தளத்தில் ஒன்பதரை மணி நேரம் இருக்கலாம், அதில் நடிப்பு 5 மணி நேரம்தான். 5 முதல் 8 வயது என்றால் 8 மணி நேரமும் 3 மணி நேரமும்.

காட்சியைப் பிரித்து எடுப்பதுதான் முக்கியத் தந்திரம். குழந்தையின் முகத்தை எடுக்கும்போது எதிரே வேடமிட்ட நடிகர் இருக்கத் தேவையில்லை. இயக்குநர் ‘ஜன்னலைப் பார், இப்போது கீழே பார்’ என்று சொன்னாலே போதும். நடிகரின் பகுதியைக் குழந்தை தளத்தை விட்டுப் போன பிறகு தனியாக எடுத்துக்கொள்வார்கள். குழந்தைக்குக் கொடுக்கும் பக்கங்களில் அவள் வசனம் மட்டும் இருக்கும். கதை முழுதும் தெரிந்திருக்க வேண்டியது பெற்றோருக்கு. கேமரா நின்றதும் நடிகர் விக்கைக் கழற்றிச் சொந்தக் குரலில் பேசிக் காட்டுவது நல்ல பழக்கம்.

குற்றவாளியாக நடிக்க ஒரு காமெடி நடிகரையா போடுவது?

சாவில் வேடத்துக்குக் காமெடி நடிகர் ஸ்டீவ் கூகன் பெயர் 2021-ல் அறிவிக்கப்பட்டபோது இதே எதிர்ப்பு வந்தது. ஆனால் சாவில் ஊரை ஏமாற்றியதே கோமாளித்தனத்தால்தான்: சுருட்டு, தங்கச் சங்கிலி, டிராக் சூட், அந்தக் கூவல். மிமிக்ரி தெரியாத நடிகர் போட்டால் பார்ப்பவர்களுக்கு அந்த வசீகரம் புரியாது, ‘இவனை எப்படி நம்பினார்கள்’ என்ற கேள்வி அந்தரத்தில் நிற்கும். மிமிக்ரி மட்டும் செய்தாலும் கெட்டது, நாடகம் கேலிக்கூத்தாகிவிடும். கூகன் பொதுவெளிக் காட்சிகளில் சத்தத்தையும், தனியறைக் காட்சிகளில் அது அணைந்த வெறுமையையும் வைத்தார். இடையிடையே நிஜ சாவிலின் பழைய பிபிசி ஃபுட்டேஜும் வருகிறது. அது இரட்டைக் கத்தி. நம்பகம் கூடும், கூடவே, யாரை மறக்க விரும்பினார்களோ அவர் முகத்தையே மீண்டும் பார்க்க நேரிடும்.

தன் தவறை பிபிசியே நாடகமாக எடுத்தால் நேர்மையாக இருக்குமா?

நியாயமான சந்தேகம். தொடரைத் தயாரித்தது ஐடிவி ஸ்டூடியோஸ், எழுதியவர் நீல் மெக்கே, நிர்வாகத் தயாரிப்பாளர் ஜெஃப் போப். இவர்கள் நிஜக் குற்றக் கதைகளில் தழும்பேறியவர்கள். அந்தக் காலத்து பிபிசி அதிகாரிகள் காதில் விழுந்ததை விழாததுபோல இருந்தது தொடரில் வருகிறது.

ஆனால் கதை சாவிலின் மரணத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பின் 2011 டிசம்பரில் பிபிசியின் ‘நியூஸ்நைட்’ குழு பாதிக்கப்பட்டவரிடம் பேட்டி எடுத்து வைத்திருந்தும் அந்தச் செய்தி கைவிடப்பட்டது; அதே கிறிஸ்துமஸ் காலத்தில் அவரைப் போற்றி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. 2012-ல் பிபிசி அமைத்த பொலார்ட் ஆய்வு இதைத் தனியாக விசாரித்தது. இது தனி எபிசோடாக வந்திருக்க வேண்டும். 1970-களின் அதிகாரிகளைக் குறை சொல்வது சுலபம். அவர்கள் யாரும் இப்போது பதவியில் இல்லை.

தொடக்கத்தில் ‘உண்மைச் சம்பவங்களை அடிப்படையாகக் கொண்டது’ என்று போட்டுவிட்டால் தப்பிக்கலாமா?

அந்த அட்டை வழக்கைத் தடுக்காது, ஆனால் அதில் உள்ள சொற்கள் வழக்கின் போக்கை மாற்றும். நெட்ஃபிளிக்ஸின் ‘பேபி ரெய்ன்டீர்’ (2024) தொடர் ‘இது உண்மைக் கதை’ என்று நேராகவே அறிவித்தது. அதில் வரும் ஒரு பாத்திரம் தன்னைப் பற்றியது என்று பெண் ஒருவர் அமெரிக்காவில் 17 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அந்தப் பாத்திரம் தொடரில் தண்டனை பெற்ற குற்றவாளி; தனக்கு அப்படித் தண்டனையே கிடையாது என்பது அவர் வாதம். 2024 செப்டம்பரில் நீதிபதி அவதூறுக் கோரிக்கை மேலே போகலாம் என்று அனுமதித்தபோது, அந்த அறிவிப்பு வரியையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். ‘அடிப்படையாகக் கொண்டது’, ‘சில காட்சிகளும் பாத்திரங்களும் கற்பனை’, ‘பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன’ என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்வது வெறும் சடங்கல்ல. சிறிய எழுத்தில் கடைசியில் ஓடவிட்டால் பயன் பாதிதான்.

இதே மாதிரி இந்தியாவில், தமிழில் எடுத்தால்?

சட்டம் சில இடங்களில் வேறு. நம் ஊரில் இறந்தவரையும் அவதூறு செய்ய முடியும்: இந்தியாவின் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356-ன் முதல் விளக்கப்படி, உயிரோடு இருந்தால் அவர் பெயரைக் கெடுத்திருக்கும் ஒன்றை, குடும்பத்தினரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு சொன்னால் அது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தின் 499-லும் இதுவே இருந்தது. அதேசமயம், ஜெயலலிதா வாழ்க்கையை ஒட்டிய படத்தையும் தொடரையும் எதிர்த்து ஜெ. தீபா போட்ட வழக்கில், ஒருவரின் அந்தரங்கமும் நற்பெயரும் மரணத்தோடு முடிகின்றன, வாரிசு அவற்றைச் சொத்துபோலக் கோர முடியாது என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

அடிப்படைத் தீர்ப்பு இன்னும் பழையது, நம்மூர் வழக்கு. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது தொடர்பாக 1994-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி: நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவில் உள்ளதைச் சம்மதம் இல்லாமலே எழுதலாம், அதைத் தாண்டி ஒருவரின் அந்தரங்கத்துக்குள் போனால் பொறுப்பு எழுதியவர் மேல், பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயர் பொதுப்பதிவில் இருந்தாலும் வெளியிடக் கூடாது. இப்போது அந்தப் பெயரை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 72-ன் கீழ் இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம்; குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-ம் பிரிவும் சேரும்.

தமிழில் பிரபலங்களின் வழக்கைத் தொட நினைப்பவர்களுக்கு பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு நல்ல எச்சரிக்கை. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்ட இடத்தில் கதையை நிறுத்தினால் ஒரு நாடகம் கிடைக்கும். 1947-ல் இருவரும் விடுதலையான இடம்வரை போனால் முற்றிலும் வேறு நாடகம்.

பார்த்து முடித்த பிறகு எது உண்மை என்று எப்படிச் சரிபார்ப்பது?

விக்கிப்பீடியாவில் தொடங்கி அதிலேயே நின்றுவிடாதீர்கள். சாவில் விஷயத்தில் மூல அறிக்கைகள் எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன: 2013 ஜனவரி காவல்துறைக் கூட்டறிக்கை, அதே ஆண்டு மார்ச்சில் காவல்துறைகளைக் கண்காணிக்கும் ஆய்வு அமைப்பு தந்த அறிக்கை, 2014 ஜூனில் வந்த லீட்ஸ், பிராட்மூர் மருத்துவமனை அறிக்கைகள், 2015 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில், 2016-ல் ஜேனட் ஸ்மித். ஸ்மித் அறிக்கை மிக நீளம். சுருக்கத்தையும் முடிவுகளையும் மட்டும் படித்தாலே தொடரின் பிபிசிக் காட்சிகளில் எவை ஆதாரத்தில் நிற்கின்றன என்று தெரியும். எண்கள் அறிக்கைக்கு அறிக்கை வேறுபடும். ஒன்று தகவல் தந்தவர்களை எண்ணுகிறது, இன்னொன்று பதிவான குற்றங்களை, மற்றொன்று ஒரே நிறுவனத்துக்குள் நடந்ததை. மூன்றையும் கூட்டி ஒரு மொத்தம் போடுபவர்களை நம்ப வேண்டாம், ஒரே ஆள் இரண்டு மூன்று இடத்தில் எண்ணப்பட்டிருப்பார்.